வாக்குக் கேட்டு வருவோரிடம் துவாக்குடி கேட்க வேண்டியது

தமிழ்நாட்டில் தேர்தல் என்பது வெயிற்காலத் திருவிழாவாகிவிட்டது. 2016இல் மே 16, 2019இல் ஏப்பிரல் 18, 2021இல் ஏப்பிரல் 6, 2024இல் ஏப்பிரல் 19 என வாக்குப்பதிவு நாள்கள் யாவும் வேனிலை ஒட்டியே விழுந்தன. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும், ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்றும் பகுத்தனர் பழந்தமிழர். இன்றோ இளவேனிலே முதுவேனிலினும் கொடிதாகக் காய்கிறது. நிலத்தையும் பொழுதையும் வாழ்வின் முதற்பொருளாக வைத்தது தொல்காப்பியம். அவ்விரண்டனுள் நிலம் பறிபோவதைப் பற்றித் தமிழர் ஓரளவு பேசக் கற்றுக்கொண்டனர். பொழுதும் பறிபோவதை இன்னும் உணர்ந்திலர்.

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, தஞ்சைச் சாலையில், துவாக்குடியில் வேட்பாளரின் திறந்த ஊர்தி வந்து நிற்கும்போது கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும். கடைத் தாழ்வாரங்களிலும், புளியமர நிழலிலும், அவ்வூர்தியின் நிழலிலுமே ஒதுங்கி நிற்கிறது. ஊர்தியின் மேலிருந்து சாலை, பாலம், விலையில்லாப் பொருள், எதிர்க்கட்சியின் இழிசெயல் ஆகிய எல்லாம் பேசப்படுகின்றன. ஒதுங்கி நிற்பவரை ஒதுங்க வைத்த வெயிலைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பிறப்பதில்லை. 2024 சூன் முதல் நாள் உத்தரப்பிரதேசத்தில் இறுதிக்கட்ட வாக்குப்பதிவின்போது தேர்தல் பணியாளர் 33 பேர் மாண்டனர். வெப்ப அலை வீசிய நாள் அது. தேர்தலை நடத்தப் போனவரின் உயிரே போன பின்னும், வெப்பம் தேர்தற் பொருளாகவில்லை.

உலக வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்திய அளவைக் காட்டிலும் 1.5 பாகை மிகுந்த முதல் ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு கணித்துள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழும் கரிவளி, அக்காலத்தில் காற்றின் பத்து இலக்கம் பங்கில் 280 பங்காக இருந்தது, இன்று 420ஐக் கடந்துவிட்டது. இவை ஏதோ மேலைநாட்டார் கணக்கு என்று ஒதுக்குவோர் காவிரிக்கரைக்கு வந்து பார்க்கட்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. 2017 சனவரி 10இல் தமிழ்நாட்டு மாவட்டங்கள் அனைத்தும் வறட்சியுற்றவை என அரசே அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டில், 2018 ஆகத்து 22 இரவில், கொள்ளிட வெள்ளம் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளை அடித்துச் சென்றது. 1836இல் கட்டிய அணை அது. 2024இலோ மேட்டூர் அணை வழமையான சூன் 12இல் திறக்கப்படாமல் சூலை 28வரை காத்துக் கிடந்தது. திறந்த சில நாள்களிலேயே மிகுநீர் கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு ஓடிற்று. வந்தால் வெள்ளம், வாராவிடில் வறட்சி என்று ஆறு இருமுகங் காட்டுகிறது. கருநாடகம் நீர்தர மறுப்பது தனிக்கேடு. அக்கேட்டை மறைக்க வானத்தின்மேற் பழிபோடுவார்க்கு இங்கு இடமில்லை. ஆயினும் வானமே தவறும்போது நடுவர்மன்றத் தீர்ப்பு மட்டும் வயலை நனைக்காது.

பேட்டைவாய்த்தலையில் காவிரியினின்று பிரிந்து, திருச்சிராப்பள்ளி நகரூடே வந்து, துவாக்குடிக்கு அருகில் வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது உய்யக்கொண்டான். சோழர் காலத்து வாய்க்கால். உய்தல் என்னும் பொருள் பொதிந்த பெயர் அது. பெயரிலேயே ஓர் அரசின் கடமை அடங்கியிருக்கிறது. அவ்வாய்க்காலில் இன்று நகரின் கழிவுநீரும் கலந்து வருகிறது. வறட்சியாண்டுகளில் கடைமடைக்கு எஞ்சுவது அக்கழிவே.

தேர்தலைக் கருவியாக்கித் தண்ணீர்க்குக் குரல் கொடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் வேட்பாளராய் நின்றனர். உழவர் குறைகள் எந்தச் செவியிலும் ஏறாமையால், வேட்புத்தாளையே வேண்டுகைத் தாளாக்கினர். வாக்குச்சீட்டு ஒரு பொத்தகமாயிற்று, வாக்குப்பதிவே தள்ளிப்போயிற்று. அதே ஆண்டில் தெலுங்கு நாட்டு நல்கொண்டாவிலும், நஞ்சு கலந்த குடிநீரை உலகறியச் செய்ய 480 பேர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றனர். ஆள்வோர் அதற்கு அளித்த விடை யாது? சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகையை 250 உருபாவிலிருந்து 5000 ஆக உயர்த்தினர். நோய் தீர்ந்ததோ இல்லையோ, நோயாளி கூவ முடியாதபடி வாய் கட்டப்பட்டது! பின்னர் 2019இல், வாரணாசியில் 111 உழவர் நிற்பர் எனத் திருச்சிராப்பள்ளி உழவர் தலைவர் அய்யாக்கண்ணு அறிவித்தார். தில்லியில் ஆளுங்கட்சித் தலைவரைக் கண்ட பின் அவ்வறிவிப்பு கைவிடப்பட்டது. வேட்பாளராய் நின்று காட்டும் வழிக்கு எல்லையுண்டு என்பதை இவை காட்டும். நிற்பவனை மறித்துக் கேட்கும் வழிக்கு வைப்புத்தொகை வேண்டியதில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2023 மார்ச்சுத் திங்களின் இறுதியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று இடங்களை நிலக்கரி ஏலப் பட்டியலிற் சேர்த்தது தில்லி. காவிரிப் படுகை கொதித்தது. கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பெழுந்தது. ஏப்பிரல் 8இல் மூன்றும் பட்டியலினின்று நீக்கப்பட்டன. பத்தே நாளில் தில்லி பணிந்தது உழவன்பால் கொண்ட இரக்கத்தாலா, ஓராண்டில் வரவிருந்த தேர்தலாலா என்பதை அவரவர் முடிவுக்கே விடலாம்.

ஆனால் துவாக்குடியில் இவ்வினா இத்துணை எளிதன்று. அருகே திருவெறும்பூரில் 1965 முதல் கொதிகலன் செய்துவருவது பாரத மிகுமின் நிறுவனம். இந்திய நாட்டு அனல்மின் நிலையங்கள் பலவற்றின் கொதிகலன்கள் இம்மண்ணின் கைகள் வளைத்து ஒட்டிய இரும்பே. அந்நிறுவனத்தின் பணிப்பங்கை நம்பியே துவாக்குடித் தொழிற்பேட்டையின் சிறுபட்டறைகள் பல எழுந்தன. கடந்த பதிற்றாண்டில் அனல்மின் வேலை அருகியபோது பல பட்டறைகள் பூட்டப்பட்டன. ஒட்டுவேலையில் தேர்ந்தவர் ஊர்விட்டுப் போயினர். இப்போது 2032க்குள் 80,000 மெகாவாட்டு அளவுக்கு அனல்மின் திறனைக் கூட்டத் தில்லி முனைந்துள்ளமையால் மீண்டும் வேலை வருகிறது. இந்நிலையில் 'நிலக்கரியை நிறுத்துக' என்று துவாக்குடியில் ஒருவர் முழங்கினால், 'என் அடுப்பை யார் எரிப்பார்?' என்று தொழிலாளி கேட்பான். அவ்வினா நயனுடையது. அதற்கு விடை கூறாத பருவநிலைப் பேச்சு, குளிரறையில் இருப்பார் பேசும் ஆங்கிலப் பேச்சாகவே முடியும்.

விடை இருக்கிறது. கொதிகலனை ஒட்டும் கை காற்றாலைத் தூணையும் ஒட்டும். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்தது. முப்பந்தல் கணவாயில் வீசுவது தில்லி இசைவு தந்து வீசுங் காற்றன்று. இங்குள்ள இரும்புத் திறனை அவ்வழியில் திருப்ப வேண்டியது அரசின் பொறுப்பு. நிலக்கரி ஒருநாள் நிற்கத்தான் போகிறது. 2070க்குள் கரிவளி மிகையை ஒழிப்பதாக 2021இல் கிளாசுகோவில் உலகத்தார் முன் சொல்லிவந்தவரே தில்லியாட்சியர். அந்நாள் வரும்போது துவாக்குடி இளைஞன் கையில் வேறு தொழில் இருக்க வேண்டுமாயின், பயிற்சியும் முதலீடும் இன்றே தொடங்க வேண்டும். வேலை ஒருமுறை வற்றியபோது துணைக்கு எவரும் வரவில்லை என்பதை இப்பட்டறைகள் மறந்திரா.

ஆகவே வாக்குக் கேட்டு வருபவன் எக்கட்சியினன் ஆயினும் அவனிடம் எழுத்திற் பெற வேண்டியவை சில. 2020இல் வேளாண் மண்டலப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டபோது திருச்சிராப்பள்ளி, கரூர், அரியலூர் மாவட்டங்களின் பெயரும் சொல்லப்பட்டது. சட்டம் வந்தபோது மூன்றும் விடப்பட்டன. காவிரி தஞ்சையிலா தொடங்குகிறது? விட்டவற்றைச் சேர்ப்பாயா என்பது முதல் வினா. பட்டறைத் தொழிலாளர்க்கு மாற்றுத்தொழில் உறுதி யாது? உச்சிவெயிலில் சாலையிலும் கட்டடத்திலும் உழைப்பார்க்கு வேலைநேர மாற்றமும் நிழலும் நீரும் சட்டமாகுமா? உய்யக்கொண்டானில் கழிவு கலப்பது எவ்வாண்டில் நிற்கும்? இவற்றுக்கு ஆம், இல்லை, இன்ன ஆண்டு என்று விடை வேண்டும். 'ஆவன செய்யப்படும்' என்பது விடையன்று.

நாடாளுமன்றத்திற்குப் போகிறவனிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலினின்று பறித்ததைத் தமிழ்ப்பற்றாளர் அறிவர். அதே திருத்தம் காட்டையும் பறித்ததைப் பலரும் அறியார். எண்ணெயும் எரிவளியும் முதலிலிருந்தே தில்லியின் கையில். தன் மண்ணின் அடியில் எதைத் தோண்டுவது, தன் மலையில் எம்மரத்தை வெட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையில்லாத மாநிலம், பருவநிலைக்கு எத்துணைத் திட்டம் தீட்டினாலும் அது பிறன் தோட்டத்துக்கு வேலி கட்டுவது போன்றதே. பருவநிலை மாற்றத்தின் தீங்குகட்கு ஆட்படாதிருத்தல் குடிமகனின் உரிமை என்று 2024 மார்ச்சில் உச்சநயன்மன்றமே கூறிவிட்டது. அவ்வுரிமையைக் காக்கும் ஆற்றலை மாநிலத்துக்கு மீட்டுத் தருவாயா?

2018இல் சுவீடன் நாட்டுத் தேர்தலுக்கு மூன்று கிழமை முன்பு, பதினைந்து அகவைச் சிறுமி கிரேத்தா துன்பர்க்கு பள்ளிக்குச் செல்லாது நாடாளுமன்ற வாயிலில் அட்டையேந்தி அமர்ந்தாள். அவளுக்கு வாக்கில்லை. வாக்குள்ள பெரியோர் வாய்திறவாமையால் அவள் அமர நேர்ந்தது. துவாக்குடிப் பள்ளிச் சிறுவர்க்கும் வாக்கில்லை. 2070இல் இன்றைய வேட்பாளர் பலர் இருக்கப் போவதில்லை. அச்சிறுவரோ ஐம்பதை ஒட்டிய அகவையிலோ அதனைக் கடந்தோ இருப்பர். அவர்களின் தந்தையும் தாயும் பட்டறை வாயிலிலும் வயல்வரப்பிலும் வேட்பாளரின் ஊர்தியை நிறுத்தி, மேற்சொன்ன வினாக்களை ஒரு தாளில் எழுதி நீட்டி, கையொப்பம் கேட்கட்டும். ஒப்பமிட மறுப்பவனின் பெயரை அன்றே ஊர்ச் சுவரில் எழுதலாம்.