தவிட்டை நீக்கி மருந்தைச் சேர்ப்பதா?

ரேஷன் கடைகளிலும் பள்ளிச் சிறுவர் போஜனத்திலும் 2024க்குள் செறிவூட்டிய அரிசியே வழங்கப்படுமென்று 2021ஆம் வருஷத்துச் சுதந்திர தினத்தன்று பிரதம மந்திரி செங்கோட்டையிலிருந்து அறிவித்தார். இரும்பு, போலிக் அமிலம், பி-12 வைட்டமின் ஆகியவை கலந்த மணிகளை அரிசியோடு சேர்ப்பதே அத்திட்டம். இரத்தக் குறைவால் மெலியும் ஸ்திரீகளையும் குழந்தைகளையும் ஸர்க்கார் நினைத்தது பற்றி நமக்குச் சந்தோஷமே. ஆயினும், அரிசியை வெண்முத்தாகத் தீட்டித் தவிட்டை எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தொட்டிக்கும் அனுப்பிவிட்டுப் பிறகு மருந்தைக் கலப்பது முழுப் பரிகாரமாகுமா?

ஜாவாவில் டச்சு வைத்தியர் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் வீழ்வதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் 1890களில் கண்டார். அதற்காக 1929இல் நோபெல் பரிசும் பெற்றார். அந்தத் தயாமின் சத்தை இன்று மாத்திரையாகவே கொடுக்கலாம்; மறுக்கவில்லை. ஆனால் தவிட்டின் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை.

தவிட்டிலுள்ள பெரூலிக் அமிலமென்ற ஆன்டி ஆக்ஸிடென்ட் வஸ்துவில் பெரும்பகுதி நாரோடு பிணைந்து கிடக்கிறது. இரைப்பையின் அமிலமோ, சிறுகுடலின் ஜீரண நீரோ அக்கட்டை அவிழ்க்க வல்லன அல்ல. எனவே அது நாரின் முதுகிலேறிப் பெருங்குடல்வரை பிரயாணம் செய்கிறது. அங்கே கோடானுகோடியாக வசிக்கும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துக் கட்டை அறுத்து, அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. அப்போது உண்டாகும் புயூட்ரிக் அமிலம் குடற்சுவருக்கே ஆகாரமாகிறது. இதே பெரூலிக் அமிலத்தைத் தனியே பிரித்துத் தூளாக விழுங்கினாலோ, பெரும்பாலும் மேற்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சக்கையென்று நாம் இகழும் நாரே அதைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பிக்கும் வாகனம்.

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் கேட்போம். தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பிற் சேரவொட்டாது என்பார்கள். மெய்தான். ஆனால் ஊறவைத்துப் புளிக்கவைத்தால் அப்பிடி தளரும். தோசைக்கு அரைக்கும் நம் பெண்டிருக்கு இது புதிய வித்தையன்று. தவிட்டரிசி விரைவில் சிக்கடிக்கும் என்பதும் மெய்யே. அதனால்தான் அதை ஊருக்கு ஊர் குற்றி, அவ்வப்போதே விநியோகிக்க வேண்டுமென்கிறோம். 1934இல் காந்தியடிகளின் முயற்சியால் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கமும் தஞ்சாவூரிற் பிறந்த குமரப்பாவும் கைக்குத்தல் அரிசிக்காக மன்றாடியது இதற்கே.

செறிவூட்டுவதை நிறுத்தும்படி நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு ஜில்லாவிலும் சில பள்ளிகளிலேனும் அரைத் தீட்டல் அரிசியை ஒரு வருஷம் சமைத்துப் போட்டு, பலனை வைத்தியர்களைக் கொண்டு பரிசோதித்துச் சட்டசபையின் முன் வைக்கட்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குப் பணம் ஒதுக்கும்படி அங்கத்தினர்கள் வற்புறுத்துவார்களா?