பணமுடைக் காலத்துப் பாட்டு

வியாபாரம் மந்தமாகி, ஆலைகள் கதவடைத்து, மாதம் பாதி போவதற்குள் கைக்காசு கரைந்துபோகிற காலம் வரும்போதெல்லாம், வானொலி நிலையங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை தவறாமல் உதயமாகிறது. ஜனங்களின் மனச்சோர்வைப் போக்க, அந்தக் காலத்துக்கு ஏற்ற பாட்டுகளாகப் பொறுக்கியெடுத்து, அவற்றுக்கென்று தனியே ஒரு நேரம் ஒதுக்கி ஒலிபரப்பிவிடலாம் என்பதே அது. யோசனையில் குற்றமில்லை. ஆனால் எந்தப் பாட்டு, யார் வாயிலிருந்து, யாருக்காக என்ற விசாரணை இல்லாமல் இதைச் செய்தால், துக்க வீட்டு வாசலில் கல்யாண மேளம் வைத்த கதையாக முடியும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு அமெரிக்க தேசத்து அநுபவத்தையே சாட்சியாக வைக்கிறேன்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து அந்த நாட்டைப் பீடித்த பெருமந்தம், 1933-இல் உழைப்பாளர்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவரை வேலையின்றி நிறுத்தியது. இசைத்தட்டு வியாபாரம் அடியோடு படுத்துவிட்டது. 1927-இல் 10 கோடிக்கு மேல் விற்ற தட்டுகள் 1932-இல் 60 லட்சத்துக்கு இறங்கின. ஆனால் ரேடியோப் பெட்டி மட்டும் வீடு வீடாக ஏறிக்கொண்டே போயிற்று. 1930-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்போது 100 குடும்பங்களில் 40 குடும்பங்களிடம் இருந்த பெட்டி, 1940-இல் 80-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இருந்தது. எப்படியோ பாடுபட்டு ஒரு தடவை வாங்கிவிட்டால், பிறகு சங்கீதத்துக்குக் காலணாச் செலவில்லை அல்லவா? தபாலாபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டி ரேடியோ கேட்ட நம் பெரியவர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். அங்கே அந்தக் கட்டணங்கூடக் கிடையாது. செலவையெல்லாம் விளம்பரக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ரூடி வாலி என்ற பிரபல பாடகரின் வாராந்தர நிகழ்ச்சியே ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒன்றின் பெயரைத் தாங்கித்தான் வந்தது. ஈஸ்ட் விற்கிறவருக்குக் கேட்பவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

ஆகவே உற்சாகப் பாட்டுகளுக்கே மவுசு உண்டாயிற்று. நல்ல நாட்கள் திரும்பிவிட்டன என்று முழங்கும் ‘ஹாப்பி டேஸ் ஆர் ஹியர் எகெய்ன்’ 1929-இல் பிறந்த பாட்டு; 1932-இல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மகாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளர் ரூஸ்வெல்ட்டுக்காக அதைத்தான் வாசித்தார்கள். விடியற்காலையில் வாசலில் நின்று நல்ல வாக்குச் சொல்லிப் பழந்துணி வாங்கிக்கொண்டு போகிற நம் குடுகுடுப்பைக்காரரின் நினைவு எனக்கு வருகிறது. அவர் வாக்கும் இனிக்கத்தான் இனிக்கிறது. அதே 1932 அக்டோபரில் நியூயார்க் நாடக மேடையொன்றில் ‘ப்ரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்’ என்ற வேறொரு பாட்டு ஒலித்தது. எழுதியவர் யிப் ஹார்பர்க். மின்சாரச் சாமான் வியாபாரம் செய்து, பங்குச் சந்தைச் சரிவோடு அதுவும் மூழ்கிப்போக, பாட்டெழுத வந்தவர். மெட்டமைத்த ஜே கார்னியோ சிறு பிராயத்தில் ருஷ்யாவில் கேட்ட தாலாட்டு ஒன்றிலிருந்து அதை எடுத்தார். அந்தப் பாட்டில், ரயில் பாதை போட்டவன், கோபுரம் எழுப்பியவன், யுத்தத்துக்குப் போய்வந்தவன், இன்று ஏன் பத்துக் காசுக்குக் கை நீட்டி நிற்கிறேன் என்று கேட்கிறான். அவன் குரலில் பிச்சைக்காரனின் கெஞ்சலைவிட, கணக்குப் புரியாதவனின் திகைப்பே மேலோங்கி நிற்கிறது. ரூடி வாலியும் பிங் கிராஸ்பி என்ற பாடகரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு அதை இசைத்தட்டில் பாட, இரண்டு தட்டுகளுமே பெரும் வெற்றி பெற்றன. இதே ஹார்பர்க்தான் 1939-இல் வெளிவந்த ‘ஓவர் தி ரெயின்போ’ என்ற நம்பிக்கைப் பாட்டையும் எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நம்பிக்கைப் பாட்டின்மேல் விரோதம் இல்லை.

ஆனாலும் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சிறிய நிலையம் ஒன்றைப் பற்றி. புழுதிப் புயலிலும் கடனிலும் நிலத்தை இழந்து, ஓக்லஹோமா, டெக்ஸாஸ் பிரதேசங்களிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஜனங்கள் சாரை சாரையாக வந்த காலம் அது. கையில் காசில்லாதவர்களைத் திருப்பியனுப்ப, லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸார் 1936-இல் தம் ஆட்கள் 136 பேரை மாகாண எல்லைகளுக்கே அனுப்பினார்கள். அந்த ஊரில், 1937 ஜூலையில், கே.எஃப்.வி.டி. என்ற நிலையத்தில் ஓக்லஹோமாவில் பிறந்த வூடி கத்ரி என்ற இருபத்தைந்து வயது இளைஞர், முதலில் தம் உறவினர் ஒருவரோடும், பிறகு மாக்சின் கிரிஸ்மன் என்ற பெண்மணியோடும் பாட ஆரம்பித்தார். பிறந்த ஊரில் கேட்ட பழைய பாட்டுகள், நடுநடுவே ஊர்ப் பேச்சு, தாமே கட்டிய புதுப் பாட்டுகள், இவ்வளவே நிகழ்ச்சி. எல்லைக் காவலைக் கிண்டல் செய்து அவர் கட்டிய ‘டோ ரே மி’யில், மேனாட்டு ஸ்வரங்களின் பெயரே பணத்துக்குப் பரிபாஷையாகிறது, அது இல்லாதவன் இந்தச் சொர்க்கத்துக்கு வராதிருப்பதே நலம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

கூடாரங்களிலும் தோட்டக் குடிசைகளிலும் கிடந்த ஜனங்கள் அவருக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம் எழுதினார்கள். அந்த அக்டோபரில் கறுப்பின இளைஞர் ஒருவர், கத்ரி பாடிய பழைய பாட்டொன்றில் தம் இனத்தாரைக் குறிக்கும் இழிசொல் இருப்பது தம்மைப் புண்படுத்தியதாக எழுதினார். கத்ரி அந்தக் கடிதத்தை ஒலிவாங்கிக்கு முன்னால் படித்து, மன்னிப்புக் கேட்டு, அந்தச் சொல்லை விட்டொழித்தார். கேட்பவரின் வார்த்தை பாடுகிறவரைத் திருத்துகிற அளவுக்கு இருவருக்கும் நடுவே தூரம் குறைந்திருந்தது. தூரத்து ஆபீஸ் ஒன்றில் தயாரான பாட்டுப் பட்டியலால் இது சாத்தியமா?

2009-இல் மறுபடியும் ஒரு மந்தம். அமெரிக்காவில் வேலையில்லாதோர் அந்த அக்டோபரில் 10 சதவீதத்தை எட்டினார்கள். சர்க்கார் பணத்தில் வங்கிகள் மீள, மோட்டார் தொழிலாளி தெருவில் நிற்பதைக் குமுறிப் பாடிய ஜான் ரிச்சின் ‘ஷட்டின் டெட்ராய்ட் டவுன்’ என்ற பாட்டைக் கிராமிய இசை நிலையங்கள் ஒலிபரப்பின. நல்ல காரியம். ஆனால் நூற்றுக்கணக்கான நிலையங்களை ஒரே குடையின் கீழ் வைத்திருந்த ஸ்தாபனம் ஒன்று, ஒபாமா ஜனாதிபதியாகப் பதவியேற்ற அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் தேதியன்றே, சுமார் 1,850 பேரை வீட்டுக்கு அனுப்பியது. விளம்பர வருமானம் விழுந்துவிட்டதே என்று சமாதானம் சொல்வார்கள், வாஸ்தவந்தான், விழுந்தது. என்றாலும், ஊர் அறிவிப்பாளர்களை அனுப்பிவிட்டு, வேலை இழந்தவர்களின் துயரத்தைப் பற்றி யந்திரம் பொறுக்கிக் கொடுத்த பாட்டைப் போடுகிற நிலையத்தின் அநுதாபத்தை நான் எப்படி நம்புவேன்?

கஷ்ட காலத்துக்கென்று நிகழ்ச்சி அமைக்க விரும்பும் நிலைய அதிபர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஊர்க் கடிதங்களைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆளை முதலில் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள், பாட்டை அவர் பார்த்துக்கொள்வார்.