வானிலைக் கணிதமும் வலைக்கண்ணும்

பக்கத்துக் கிராமத்தில் மழை கொட்டித் தீர்க்க, தம் வயலில் ஒரு துளியும் விழாதபோது, வானிலை அறிவிப்பு பொய்த்ததென்று மிராசுதார்கள் குறைகூறுவது வழக்கம். மருந்து தெளித்த கூலியும் மருந்தும் வீணானவர் குறைகூறுவதில் வியப்பில்லை. இதற்கு ஒரு காரணம் வலைக்கண்ணின் அளவாகும்.

காற்றோட்டத்தைக் கணக்கிடும் யந்திரம் பூமிப் பரப்பை வலைபோற் பகுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே காற்று, ஒரே ஈரம், ஒரே மழை எனக் கொள்ளுகிறது. 12 கிலோமீட்டர்ச் சதுரக் கண்ணில் 144 சதுர கிலோமீட்டர் அடங்கும். பல கிராமங்கள் அதில் ஒன்றாகிவிடும். 5 கிலோமீட்டர் அகலமுள்ள கோடை இடிமழை அதற்குள் மறைந்துபோம். 2025-ம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி இந்திய அரசாங்கம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறையில் கண் 6 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. இது மெச்சத்தக்கதே. செலவோ சிறிதன்று. கண்ணை நெடுக்கிலும் குறுக்கிலும் பாதியாக்கினால் கண்களின் தொகை நான்கு மடங்காகும்; அதற்கிசையக் காலப்படியையும் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்காகும்.

ஆயினும், கண் சிறுத்த மாத்திரத்தில் கணக்கு மெய்யாகிவிடாது. லூயிஸ் பிரை ரிச்சர்ட்ஸன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1922-ல் வெளியிட்ட கணக்கில், 1910 மே 20-ந் தேதி ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறுமென்று வந்தது. உண்மையில் அது ஏறக்குறைய மாறவேயில்லை. அவர் கொண்ட கண் பெரிதுதான். ஆனால், தொடக்கத்தில் இட்ட காற்றளவும் அழுத்த அளவும் ஒன்றோடொன்று இசையாமையே பிழைக்கு மூலமெனப் பிற்காலத்தார் கண்டனர். விதை கெட்டிருக்கப் பாத்தியைத் திருத்தி என்ன பயன்?

சிறிய கண் பெரியதினும் மெய்யானதா என்பதற்கு, நிலத்தில் பெய்த மழையின் அளவே சாட்சி. அச்சாட்சி மழைமானியில் இருக்கிறது. மானியை மரத்தடியில் வைத்து, வாரக் கடைசியில் உத்தேசமாகக் கணக்கெழுதினால் அது பொய்ச்சாட்சியாகும். அருகிலுள்ள மரம், கட்டடம் இவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது விலக்கி மானியை நிறுத்தி, தினந்தோறும் காலை 8-30 மணிக்கு அளந்தெழுதுவது கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை. அறிவித்த மழையையும் அளந்த மழையையும் பக்கம் பக்கமாக மாதந்தோறும் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த குடியானவரே அறிவிப்பை எவ்வளவு நம்பலாமென்று அறிவார்.

6 கிலோமீட்டர்க் கணக்கும் ஒரு வட்டாரத்துக்குரியதேயன்றித் தனித்தனி வயலுக்குரியதன்று. ஆகவே, மருந்து தெளிக்குமுன் அறிவிப்பைப் பார்ப்பதோடு வானத்தையும் ஒருமுறை பார்ப்பது விவேகம்.