அண்ணாந்து பாக்கற பசங்களைத் திட்டாதீங்க

பல்லடம் பக்கம் காட்டுல நின்னா, சூலூர்ல கிளம்பற தேஜஸ் சத்தம் அடிக்கடி கேக்குமுங்க. பசங்க கைவேலையை அப்படியே போட்டுட்டு அண்ணாந்து பாப்பாங்க. "ஏரோப்ளேன் பாத்தா சோறு கிடைக்குமா, பனியன் கம்பெனிக்குப் போற வழியைப் பாரு"ன்னு பெரியவங்க திட்டுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லீங்க.

சூலூர் நேத்து வந்த தளம் இல்லை. இரண்டாம் உலகப் போர் காலத்துலயே பிரிட்டிஷ் கடற்படை அதைப் பயன்படுத்துச்சு. 2020 மே 27 அன்னைக்கு அங்க தேஜஸோட மறுபடி தொடங்கின 18-ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர்தான் நிர்மல்ஜித் சிங் செக்கோன். 1971 டிசம்பர் 14 அன்னைக்கு, ஸ்ரீநகர் வானத்துல சின்ன நேட் விமானத்துல பாகிஸ்தானோட சேபர் விமானங்களை எதிர்த்துச் சண்டை போட்டு உயிர் விட்டவர். விமானப்படையில பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருத்தர்தான். இந்தக் கதையை நம்ம பள்ளிக்கூடத்துல யாராச்சும் சொல்றாங்களா?

இன்னொண்ணு. விமானம்னா பைலட் மட்டும் இல்லீங்க. விமானப்படையோட 5-ஆவது பழுதுபார்ப்பு டெப்போவும் சூலூர்லதான் இருக்குது. நிட்டிங் மெஷின்ல ஒரு ஊசி வளைஞ்சா துணி நெடுக கோடு விழும். சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்ற மெக்கானிக் நம்மூர்ல உண்டு. விமானத்தைச் சத்தத்துலயே அடையாளம் சொல்ற பையனுக்கும் அதே காதுதான். அவனுக்கு வேண்டியது கணக்கும் இயற்பியலும், கூடவே "படிடா"ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லாம வையறது, முளைச்ச பயிரை நாமளே மிதிக்கற மாதிரிங்க.