சிவப்பைத் தேடும் கண்

ஒரு வேதிப்பொருள் தோலை எவ்வளவு புண்படுத்தும் என்று அளக்க, 1944இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஜான் டிரெய்ஸ் வகுத்த முறை எளிமையானது: முயலின் தோல் சிவப்பதையும் வீங்குவதையும் கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது. அழகுசாதனங்களுக்காக முயலை வதைப்பதை இந்தியா 2014இல் தடை செய்துவிட்டது. சிவப்பைத் தேடும் கண் மட்டும் மாறவில்லை. தலைச்சாயத்தின் பாராஃபெனிலீன்டையமின் ஒவ்வாமையை அறிய முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்யும் மருத்துவரும் சிவப்பைத்தான் முதலில் பார்க்கிறார். கருந்தோலில் அது எளிதில் தெரியாது. விரலால் தடவித் தடிப்பை உணரலாம், ஆனால் லேசான எதிர்வினை அதற்கும் தப்பும்.

அழற்சி உள்ள இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், சூடும் ஏறும். தோல் உமிழும் அகச்சிவப்புக் கதிரை நிறமி பெரிதாக மாற்றுவதில்லை என்பதால், அந்தக் கதிரைப் படமாக்கும் வெப்பப் படக்கருவிக்குக் கறுப்பும் வெளுப்பும் ஒன்றுதான். அறையின் மின்விசிறி, வியர்வை, சற்றுமுன் குடித்த காபி எல்லாம் அளவைக் கெடுக்கும் என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் பக்கத்திலுள்ள நல்ல தோலோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் அந்தப் பிழை பெருமளவு குறையும். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: சூடு அழற்சியைக் காட்டும், காரணத்தைக் காட்டாது, செத்த திசு குளிர்ந்தும் போகலாம். அதனால் இந்தக் கருவியிடம் தீர்ப்பை ஒப்படைக்க முடியாது. கண்ணின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வெப்ப அளவையும் பதியச் சொல்ல விதிமுறைகளில் இடம் தரலாம்.