பம்ப்செட் பெல்ட் வேறு, டைமிங் பெல்ட் வேறு!

கேள்வி: ''பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கி, தோட்டத்துத் தக்காளி, கத்திரியை மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகிறோம். 'டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?' என்று மெக்கானிக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. பம்ப்செட்டுக்கு பெல்ட் மாற்றுவது எனக்குப் பழக்கம்தான். வேனுக்கும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா?''

– வாசகர் ஒருவர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் பொறுமையாகச் செய்தால் மாற்றலாம். ஆனால், பம்ப்செட் அனுபவத்தை மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது. பம்ப்செட்டில் பெல்ட் அறுந்தால் தண்ணீர் நிற்கும். வேறு பெல்ட் மாட்டினால் மறுபடி ஓடும். டைமிங் பெல்ட் அறுந்தால் பல வண்டிகளில் இன்ஜினே சேதமாகிவிடும். டிராக்டர், டீசல் பம்ப்செட் போன்றவற்றில் இந்த வேலையைப் பெரும்பாலும் பல்சக்கரங்களே செய்கின்றன. அதனால்தான் விவசாயிகள் பலருக்கு இந்த பெல்ட் பழக்கம் இல்லை.

மடை திறக்கும் நேரம்

வாய்க்காலில் எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று ஒரு முறை உண்டு. இன்ஜினில் வால்வுகள்தான் மடைகள். காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒன்று, புகை வெளியேற ஒன்று. இவற்றைத் திறந்து மூடுவது மேலே உள்ள கேம் ஷாஃப்ட். பிஸ்டனோடு சேர்ந்து சுழல்வது கீழே உள்ள கிராங்க் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். பற்கள் உள்ள டைமிங் பெல்ட்தான் இந்தக் கணக்கு தவறாமல் இரண்டையும் இணைக்கிறது.

ஒரு பல் தள்ளி மாட்டினாலே ஸ்டார்ட் ஆவது சிரமமாகும், இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். பெல்ட் அறுந்தால், மேலே ஏறும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வை இடித்து வளைத்துவிடலாம். டீசல் இன்ஜின்களில் இது ஏறக்குறைய நிச்சயம். சில பெட்ரோல் இன்ஜின்களில் மட்டும் இடைவெளி இருப்பதால் தப்பும். சில நூறு ரூபாய் பெல்ட்டை மாற்றாமல் விட்டால், சிலிண்டர் ஹெட்டையே இறக்கி வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

எப்போது மாற்றுவது?

ஃபேன் பெல்ட் கீச்சிட்டு எச்சரிக்கும். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருப்பதால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் அறுந்துவிடும். எனவே, வண்டிக் கையேட்டில் சொல்லியுள்ள கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ, அப்போது மாற்ற வேண்டும். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். பழைய வண்டி வாங்கியவர்கள், எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் உடனே மாற்றுவதே நல்லது.

ஆம்னி, பழைய மாருதி 800 ஆகியவற்றின் 796 சி.சி. இன்ஜினில் பெல்ட்தான். இப்போதைய வண்டிகள் பலவற்றில் அதற்குப் பதில் செயின் இருக்கிறது. முதலில் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வேலை செய்யும் முறை

1. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்ற வேண்டும். வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் இவற்றையும் முட்டுக் கொடுக்கக் கூடாது, திடீரென நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு கட்டாயம்.

2. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் இன்ஜினைக் கையால் சுற்றுவது எளிது. ஃபேன் பெல்ட், புல்லி, மூடி ஆகியவற்றைக் கழற்றி, போல்ட்டுகளை வரிசையாகத் தனித்தனியே வைக்க வேண்டும்.

3. கிராங்க், கேம் இரண்டின் சக்கரங்களிலும் குறி இருக்கும். வழக்கமாக இன்ஜின் சுழலும் திசையிலேயே ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றி, கையேட்டில் காட்டியபடி குறிகளை நேராக்க வேண்டும். செல்போனில் படம் எடுத்து, வெள்ளை பெயின்டால் அடையாளமும் வைத்துக்கொள்ளலாம்.

4. டென்ஷனரைத் தளர்த்தி பழைய பெல்ட்டை எடுக்கலாம். அதன்பிறகு கிராங்க், கேம் எதையும் அசைக்கக் கூடாது.

5. டென்ஷனர் பேரிங்கைச் சுற்றிப் பார்த்து, சத்தமோ ஆட்டமோ இருந்தால் மாற்ற வேண்டும். ஆயில் சீல் கசிந்தால் அதையும் இப்போதே மாற்றிவிட வேண்டும். ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் கெட்டுவிடும். சில வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் இந்த பெல்ட்டில்தான் ஓடும். அவற்றில் பம்ப்பையும் பார்க்க வேண்டும்.

6. புது பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. மாட்டிய பின் கையேட்டில் உள்ளபடி டென்ஷனரைச் சரிசெய்து இறுக்க வேண்டும்.

7. முக்கியமான சோதனை இதுதான். சாவியைத் தொடுவதற்கு முன், கிராங்க்கை ஸ்பேனரால் முழுதாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மறுபடி எல்லாக் குறிகளும் நேராக வந்தால் வேலை சரி. ஒரு பல் விலகினாலும் கழற்றி மாட்ட வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாகத் தடுத்தால் வலுக்கொடுத்துச் சுற்றக் கூடாது; வால்வு இடிக்கிறது என்று பொருள்.

யார் செய்யலாம், யார் வேண்டாம்?

அந்த இன்ஜினுக்கான கையேடு, டார்க் ரெஞ்ச், இரும்பு ஸ்டாண்டு, ஒரு முழுநாள் அவகாசம் இவை நான்கும் இருப்பவர்கள் செய்யலாம். முதல் தடவை, அந்த வண்டியில் வேலை தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. மறுநாள் காலை சரக்கு ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில், இரவு டார்ச் வெளிச்சத்தில் செய்யும் வேலை இது இல்லை. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது; பலவற்றில் டீசல் பம்ப்பின் டைமிங்கையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கடையில் செய்தாலும் பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றிய தேதி, கிலோமீட்டர் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் மேல் ஒட்டிவையுங்கள். மெக்கானிக் உங்களிடம் கேட்ட கேள்விக்கு அடுத்த முறை அந்தச் சீட்டே பதில் சொல்லும்.