கிருமிக்கும் ஒரு கிருமி

கங்கை நீர் கெடாது என்று பாட்டி சொன்னபோது சிரித்தவன் நான். ஆனால், அந்த நீரில் காலராக் கிருமிகள் மடிவதை 1896-லேயே ஹான்கின் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் எழுதி வைத்திருக்கிறார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு 1917-ல் டெரெல் என்பவர் 'பாக்டீரியோபேஜ்' என்று பெயரிட்டார்.

நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் மருந்துக்கு அடங்காத கிருமியால் வாடிய 15 வயதுச் சிறுமியை, மூன்று பேஜ்களைச் செலுத்தி லண்டன் மருத்துவர்கள் தேற்றிய செய்தி 2019-ல் வெளியாயிற்று. அவற்றில் ஒன்று அழுகிய கத்தரிக்காயில் கிடைத்ததாம்!

எல்லா பேஜும் நமக்கு நண்பன் அல்ல. நாட்பட்ட நுரையீரல் நோயில் காணும் சூடோமோனாஸ் கிருமிக்குள் குடியிருக்கும் 'பி.எஃப்.' என்ற பேஜ், கிருமிகளைச் சுற்றியுள்ள பசை அரணைக் கெட்டிப்படுத்துகிறது. மருந்து உள்ளே எட்டுவதில்லை.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயை 2012-ல் பதிவு செய்தவர்கள் நம் மும்பை மருத்துவர்களே. காசநோய்க்கு பேஜ் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. கையில் இருக்கும் மருந்தை நாமே பாழாக்கலாமா?

தாராவியில் எனக்குத் தெரிந்த ஒருவர், இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது பழைய மாத்திரை பலிக்கவில்லை.

ஊருக்கு ரயிலேறும் அன்பர்களே, டிக்கெட்டோடு மாத்திரையையும் எடுத்து வையுங்கள். மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.